கணிப்பொறி ‘வழி இருக்கிறது’ என்றால் நம்பலாமா?



கேரம் ஆடும்போது ஸ்டிரைக்கரைச் சுண்டுவதற்கு முன் என்ன செய்கிறீர்கள்? முதலில், அடிக்க வேண்டிய காய் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். அடுத்து, போகும் வழியில் வேறு காய் குறுக்கே நிற்கிறதா என்று பார்க்கிறீர்கள். குறி ஒன்று, வழி மற்றொன்று. இரண்டும் சரியாக அமைந்தால்தான் காய் குழியில் விழும்.

இதே இரண்டு கேள்விகளை 192 ஒளிக்கற்றைகளுக்கும் கேட்டாக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லிவர்மோர் என்னும் ஊரில், 2009இல் கட்டி முடிக்கப்பட்ட நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்ற ஆய்வு நிலையம் அது. சூரியனுக்குள் நடப்பதைப் போன்ற அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்திப் பார்ப்பது அங்கு நடக்கும் வேலைகளில் ஒன்று.

எப்படி நடத்துகிறார்கள்? சுமார் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டைக்குள், டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இரு வகை ஹைட்ரஜனை உறைய வைக்கிறார்கள். அந்த உருண்டை, உட்புறம் பொன்னால் ஆன, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உருளைக்குள் தொங்குகிறது. உருளையின் மேல் துளை வழியாகப் பாதி லேசர் கற்றைகளும், கீழ்த் துளை வழியாக மறு பாதியும் நுழைகின்றன. பொற்சுவர் சூடேறி எக்ஸ் கதிர்களை வீச, அவை உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்குகின்றன. அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் வெளிப்படுகிறது. எல்லாம் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்!

இப்போது கேரம் பலகைக்குத் திரும்புவோம். இங்கே பலகை தட்டையானது அல்ல. 10 மீட்டர் குறுக்களவுள்ள ஓர் அலுமினியக் கோளம். அதன் நடுவில் உருளை. கற்றைகள் செங்குத்து அச்சுக்கு 23.5, 30, 44.5, 50 டிகிரி சாய்வுகளில் வருகின்றன. கற்றையைக் குவிக்கும் வில்லை மையத்திலிருந்து 7.7 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து குறி சுமார் 50 மைக்ரானுக்குள் அமைய வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புள்ளியை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகாமல் அடிப்பதற்கு இது சமம்.

வழியில் குறுக்கே நிற்பவை எவை? நடப்பதை அளக்கும் கருவிகள்தான். அவற்றை நீண்ட கைகளின் முனையில் பொருத்தி, உருளைக்கு மிக அருகே நீட்டுகிறார்கள். ஒரு கற்றையின் ஆற்றல் சுமார் 10,000 ஜூல். ஒரு கிலோ எடையுள்ள கல்லை ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டால், அது தரையை எட்டுவதற்குள் புவியீர்ப்பு அதற்குத் தரும் ஆற்றல் ஏறக்குறைய இவ்வளவே. அத்தனையும் ஓர் இமைப்பொழுதுக்கும் மிகக் குறைந்த நேரத்தில் கருவியின் மேல் பாய்ந்தால் அது என்னவாகும்? சிதறும் துண்டுகள் பக்கத்து வில்லைகளையும் கெடுக்கும்.

ஆகவே சுடுவதற்கு முன்பே கணிப்பொறியில் எல்லாவற்றையும் வரைந்து பார்க்கிறார்கள். இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் உருவான விஸ்ராட் என்பது அவற்றுள் ஒன்று. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உள்ள, 60 கற்றைகள் கொண்ட ஒமேகா லேசருக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு கணக்குகளும் போடும். நாம் குறி, வழி ஆகிய இரண்டை மட்டும் பார்ப்போம்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. நீங்கள் பள்ளியில் படிக்கும் வடிவக் கணிதம்தான். கோளத்தின் மேல் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு கோணங்களே முகவரி, பூகோளத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போல. கற்றையோ ஒரு கூம்பு. வில்லையில் அதன் அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். மையத்திலிருந்து 77 சென்டிமீட்டர் தொலைவில் எவ்வளவு இருக்கும்? வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். தொலைவு பத்தில் ஒரு பங்கு. எனவே அகலமும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 சென்டிமீட்டர். அந்த இடத்தில் கருவியின் கை கூம்பைத் தொடுகிறதா என்பதே கேள்வி. மூன்று கைகள் நீட்டியிருந்தால் 192 பெருக்கல் 3, ஆக 576 முறை இதையே கேட்க வேண்டும். மனிதர் சலித்துப் போவார், கணிப்பொறி சலிக்காது.

இந்த விடையை நம்பலாமா? நம்பலாம் என்பதே என் கருத்து. ஒளி நேர்கோட்டில் போகும், முக்கோணத்தின் விதி மாறாது. ஆனால் ஒரு நிபந்தனை. பட்டறையில் ஒரு கருவியை ஒரு சென்டிமீட்டர் நீட்டிவிட்டு, அதைக் கணிப்பொறிக்குச் சொல்ல மறந்தால்? திரையில் ‘வழி இருக்கிறது’ என்றே வரும். கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்த உலகத்தைப் பற்றி உண்மையையே சொன்னது.

இனி இரண்டாவது வகையைப் பாருங்கள். உருண்டை எப்படி அமுங்கும், எவ்வளவு ஆற்றல் தரும் என்று கணிக்க லாஸ்னெக்ஸ், ஹைட்ரா போன்ற பெரிய மென்பொருள்கள் உண்டு. எரியூட்டல் கைகூடும் என்று அவற்றின் கணக்குகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அதற்கென நடந்த முயற்சி 2012 செப்டம்பரில் முடிந்தபோது எரியூட்டல் நிகழ்ந்திருக்கவில்லை. உருண்டை சீராக அமுங்கவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சவ்வுகூட ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது. தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சவ்வு, அமுங்கும் உருண்டையில் வடுப் பதித்துவிட்டது!

அதே விஞ்ஞானிகள், அதே வலிமையான கணிப்பொறிகள். முதல் வகை பலித்தது. இரண்டாம் வகை ஏமாற்றியது. ஏன்? முதல் வகையில் விதிகள் முழுவதும் நமக்குத் தெரியும். இரண்டாம் வகையில், 10 கோடி டிகிரிக்கும் மேல் கொதிக்கும் பொருளைப் பற்றி நாம் அறிந்தது அரைகுறை. இடைவெளியை ஊகத்தால் நிரப்புகிறோம். ஆனால் திரையில் தெரியும் வண்ணப் படங்கள் இரண்டிலும் ஒன்றுபோலவே அழகாக இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

“அப்படியானால் இரண்டாம் வகையைத் தூக்கி எறிந்துவிடலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. கணக்கு ஒன்று சொல்ல, சோதனை வேறொன்று சொன்னதால்தான் எங்கே தவறு என்று தேட முடிந்தது. பத்து ஆண்டுகள் தேடித் திருத்தினார்கள். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போய், 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. லேசரை இயக்கச் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டு விளக்கு இதனால் எரிவதற்கு இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.

நாளை நீங்கள் பொறியாளராகவோ மருத்துவராகவோ வருவீர்கள். பாலம் தாங்கும் என்றும், மருந்து பலிக்கும் என்றும் கணிப்பொறி உங்களிடம் சொல்லும். அப்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதற்குள் எதைக் கொடுத்தார்கள்? எதை விட்டுவிட்டார்கள்? கேட்கும் துணிவு வர வேண்டுமானால், உள்ளே நடக்கும் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். “அதுதான் கணிப்பொறி பார்த்துக்கொள்ளுமே” என்று வடிவக் கணிதத்தைப் புறக்கணிப்பவரால் அதைக் கேட்க முடியாது.

இன்றே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாத்துக்குடியை எடுத்து, அதன் மேல் ஆறு இடங்களில் புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்குச்சியை மையத்தை நோக்கி, பழத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்குக் குத்துங்கள். ஆறு முனைகளும் மையத்தில் சந்திக்கும் என்று முதலில் தாளில் வரைந்து கொள்ளுங்கள். பிறகு பழத்தை நறுக்கிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் விலகியது, ஏன் விலகியது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பழம் உண்மையில் கோளம்தானா என்பதையும் அளந்து பார்த்தீர்களா?