மோசமான குஸ்தியும் நொண்டிக் காளையும்



மூணு நாளா விடாத தூறல். மஞ்சக்காட்டுல கால் வச்சா கணுக்கால் வரைக்கும் புதையுது. மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டு, பாலைப் பீச்சிட்டா அதோட வேலை முடிஞ்சது. தீபாவளி லீவுக்கு வந்த பையன் திண்ணையில உக்காந்து போனை நோண்டிட்டு இருந்தான். "அப்பா, உலகத்துலயே மட்டமான குஸ்தி எதுன்னு பாக்கலாமா?"ன்னான். சரி, காட்டுடான்னேன். நாலு பாத்தோம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. நாலாவதுல சிரிப்பு நின்னு போச்சு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

இந்தக் குஸ்தி எங்க வீட்டுக்குப் புதுசில்லை. பையன் பள்ளிக்கூடம் போன காலத்துல ராத்திரியானா கேபிள் டிவியில இதுதான் ஓடும். நோட்டு வாங்கக் காசு குடுத்தா, குஸ்திக்காரங்க படம் போட்ட சீட்டுக்கட்டு வாங்கிட்டு வருவான். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிருன்னு என்கிட்டயே சத்தியம் பண்ணுவான். படுகளத்துல விழுந்தவங்க எந்திரிக்கிறதைப் பாத்து வளந்தவன் நான். செத்தவன் எந்திரிக்கிறது எனக்கென்ன அதிசயமா? நானும் கூடவே உக்காந்து பாத்தேன்.

"அதெல்லாம் பொய்ச் சண்டை, முன்னாடியே பேசி வச்சு அடிச்சுக்கறாங்க"ன்னு சிலர் பெரிய ரகசியம் மாதிரி சொல்லுவாங்க. கூத்துல மட்டும் அர்ஜுனன் நிசமாவே கர்ணனைக் கொல்றானா? வேஷம்னு தெரிஞ்சேதான் விடிய விடிய உக்காந்திருக்கோம். கர்ணன் சாகறப்ப எங்க ஆத்தா அழுவாங்க. வேஷங்கறது குத்தமில்லை. வேஷத்தை ஒழுங்காக் கட்டலைன்னாதான் குத்தம்.

முதல்ல பாத்தது 1999 ஜனவரி 4-ம் தேதி, அமெரிக்காவுல அட்லாண்டா ஊர்ல நடந்தது. டபிள்யூ.சி.டபிள்யூன்னு அப்ப ஒரு பெரிய கம்பெனி. 30,000 பேருக்கு மேல கூடியிருக்காங்க. கெவின் நாஷ்கிட்ட பட்டம் இருக்கு, எதிர்ல ஹல்க் ஹோகன். ரெண்டும் மலை மாதிரி ஆளுங்க. மணி அடிச்சாச்சு. ஹோகன் கிட்ட வந்து, ஒத்தை விரலால நாஷ் நெஞ்சுல ஒரு குத்து. அவ்வளவுதான். வேரோட சாஞ்ச தென்னை மாதிரி அந்த ஆள் மல்லாக்க விழுந்துட்டார். ஹோகன் மேல படுத்தார், மூணு எண்ணினாங்க, பட்டம் கை மாறிடுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கறாங்க! எங்க ஊர்ல கொசு கடிச்சாக்கூட ஆளுங்க இன்னும் கொஞ்சம் நேரம் நின்னுட்டுத்தான் விழுவாங்க. 2001-ல அந்தக் கம்பெனியைப் போட்டிக் கம்பெனியே வாங்கிடுச்சு. ஒரு விரல் குத்துனால மட்டும் கம்பெனி சாயலை, காரணம் பலது இருக்கு. ஆனா டிக்கெட் வாங்கினவனை ஏமாத்தற பழக்கம் வந்துட்டா அந்தக் கடை ரொம்ப நாள் தாங்காது. மேல நல்ல தக்காளியை அடுக்கி, அடியில சொத்தையை வச்சு ஒரு தடவை விக்கலாம். அடுத்த வாரம் அதே ஆள் நம்ம கூடையைக் கொட்டிப் பாத்துத்தான் வாங்குவான்.

ரெண்டாவது, 2004 மார்ச் 14, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கோல்ட்பெர்க்கும் பிராக் லெஸ்னரும். ஆளைத் தூக்கி எறியறதுல ரெண்டு பேருக்குமே ஈடு கிடையாது. ஆனா ரெண்டு பேருமே அன்னைக்கோட கம்பெனியை விட்டுப் போறாங்க. ஒருத்தருக்கு ஒப்பந்தம் முடியுது, இன்னொருத்தர் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போறார். இந்தச் சேதி கூட்டத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. மணி அடிச்சு நிமிஷக் கணக்கா ஆகுது, ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே நிக்கறாங்க. வாய்க்கா தண்ணி தகராறுல பங்காளிங்க ரெண்டு பேர் இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் நிப்பாங்களே, அதே மாதிரி. கூட்டம் ரெண்டு பேரையும் சேத்தே கத்தி விரட்டுச்சு. நடுவரா நின்ன ஸ்டீவ் ஆஸ்டின் கடைசியில ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டு அடிச்சார். அதுக்குத்தான் அன்னைக்கு நல்ல கைதட்டு. இதுக்கு நான் தாராளமாச் சிரிப்பேன். உடம்புல தெம்பு இருக்கு, கூலியும் பேசியாச்சு, மனசு மட்டும் வரலை. மத்தியானம் கிளம்பறதுன்னு முடிவு பண்ணிட்டு களை எடுக்க வர்றவனைப் பாத்திருக்கேன். கோரைப்புல்லு அப்படியே நிக்கும், அவன் மட்டும் வரப்புக்கு வந்திருப்பான்.

மூணாவது நம்ம நாட்டுச் சம்பந்தம். கிரேட் காளி தெரியுமில்ல, இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பேரு தலிப் சிங் ராணா. பஞ்சாப் போலீஸ்ல இருந்தவர். அவருக்காக 'பஞ்சாபி சிறை'ன்னு ஒரு சண்டை கண்டுபிடிச்சாங்க. சிறைன்னா இரும்புக் கம்பி இல்லீங்க, மூங்கில்! குஸ்தி மேடையைச் சுத்தி மூங்கில்ல ஒரு கூண்டு, அதைச் சுத்தி இன்னொரு பெரிய கூண்டு. ரெண்டையும் தாண்டி முதல்ல வெளிய வர்றவன் ஜெயிச்சான். ஆட்டுக்குப் பட்டி போட்டவன்கிற முறையில சொல்றேன், வெளிய இருந்து உள்ள ஆடு தெரியணும்னாக்கூட படலை எட்டிப் பாக்கணும். இவங்க படலைப் பதினாறு அடி, இருபது அடின்னு தூக்கிக் கட்டி, சுத்தி டிக்கெட் வாங்குன ஜனத்தை உக்கார வச்சாங்க. பாவம், மூங்கிலைப் பாத்துட்டுப் போனாங்க. 2006-ல முதல் தடவை நடத்தினப்ப, காளிக்கே ரத்தப் பரிசோதனையில கல்லீரல் சரியில்லைன்னு வந்து, அவர் சண்டையில அவரே இல்லை. பிக் ஷோவை இறக்கினாங்க. 2007-ல காளியே ஆடி, பாடிஸ்டாகிட்டத் தோத்தார். 2017-ல மூணாவது தடவை. அப்ப காளி எங்கிருந்தோ வந்து, வெளிய நின்னபடியே மூங்கில் சந்துல கையை விட்டு ராண்டி ஆர்டனைப் பிடிச்சுக்கிட்டார். ஜிந்தர் மஹால் சாவகாசமா ஏறித் தப்பிச்சுட்டார். இதுல ஆடினவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். பட்டி போடத் தெரியாதவன் பட்டி போட்டா ஆடு என்ன பண்ணும்?

நாலாவதுக்கு வர்றேன். 1993 ஏப்ரல் 4, லாஸ் வேகாஸ். அண்டர்டேக்கர் பிணந்தின்னிக் கழுகோட தேர்ல வர்றார். எதிர்ல ஜயண்ட் கோன்சாலஸ். அர்ஜென்டினாக்காரர், ஏழரை அடிக்கு மேல உயரம். கம்பெனிக்காரங்க எட்டடின்னு அறிவிச்சாங்க. அவருக்கு மாட்டி விட்ட உடுப்பு இருக்கே! கழுத்துல இருந்து கால் வரைக்கும் தோல் நிறத்துல ஒரே உறை. அது மேல பெயிண்ட்ல சதை வரைஞ்சு, அங்கங்க மயிர் ஒட்டியிருக்கு. சோளக்கொல்லை பொம்மைக்குக் கரடித் தோல் போத்துன மாதிரி. அந்த மனுஷன் அடிக்கறதும் மெதுவு, விழறதும் மெதுவு. கடைசியில அண்டர்டேக்கர் மூஞ்சியில மயக்க மருந்துத் துணியை வச்சு அமுக்கறார். தப்பாட்டம்னு அண்டர்டேக்கரை ஜெயிச்சவரா அறிவிச்சாங்க. ரெசில்மேனியாவுல அண்டர்டேக்கர் தொடர்ந்து ஜெயிச்ச 21 சண்டையில இப்படி ஜெயிச்சது இது ஒண்ணுதான்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பையன் சொன்னான், "அப்பா, அவர் 2010-லயே இறந்துட்டார். 44 வயசு."

அப்புறம் அவனே படிச்சுக் காட்டினான். அந்த ஆள் நிசத்துல கூடைப்பந்து ஆட்டக்காரர், அவங்க நாட்டு அணிக்கே ஆடினவர். அந்த உயரமே ஒரு நோய், உடம்பு நிறுத்தாம வளர்றது. 1988-ல அட்லாண்டா கூடைப்பந்து அணி எடுத்துச்சு, அந்த ஆட்டத்துக்கு உடம்பு ஒத்து வரலை. அந்த அணி முதலாளிக்கே குஸ்திக் கம்பெனியும் இருந்ததால, ஆளை இங்க இழுத்து விட்டாங்க. குஸ்தியை விட்டப்புறம் சக்கரை நோய் முத்தி, சக்கர நாற்காலியில வாழ்ந்து போய்ச் சேந்திருக்கார்.

எனக்குச் சட்டுன்னு எங்க காளை ஞாபகம் வந்துச்சு.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கப்பா கண்ணபுரம் சந்தையில ஒரு காளை பிடிச்சுட்டு வந்தார். ஊர்லயே அவ்வளவு உசரமான மாடு கிடையாது. திமிலைப் பாக்கவே ஆள் வரும். தரகர் பின்னங்கால் சங்கதியை மறைச்சுட்டார். உசரத்தைப் பாத்த அப்பா காலைப் பாக்கலை. ஏர்ல பூட்டினதும் நாலு சால் ஓட்டுறதுக்குள்ள மாடு படுத்துக்கிச்சு. பக்கத்துக் காட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க. அப்பாவுக்கு ரோசம், சாட்டையை எடுத்து விளாசுறார். நானும் வரப்புல நின்னு சிரிச்சவன்தான். எங்க அப்பாரு வந்து சாட்டையைப் பிடுங்கினார். "மாடு உன்னை வான்னு கூப்பிட்டுச்சாடா? பல்லைப் பாத்தியா, காலைப் பாத்தியா? பாக்காம வாங்குனது நீ. அடி வாங்கறது அதுவா?" அதுக்கப்புறம் அந்தக் காளையை ஏர்ல பூட்டவே இல்லை. அடிமாட்டுக்கும் அனுப்பலை. சாகற வரைக்கும் எங்க கட்டுத்தரையில நின்னு எரு குடுத்துச்சு.

அதனால என் கணக்கு இதுதானுங்க. மட்டமான ஆட்டத்துல மூணு வகை. முடிஞ்சும் செய்யாதவன் ஆட்டம், ஏமாத்தறவன் ஆட்டம், முடியாதவனை இறக்கி விட்ட ஆட்டம். முதல் ரெண்டுக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். மூணாவதுல சிரிக்கணும்னா, உறையை மாட்டிக்கிட்டு நின்னவரைப் பாத்து இல்லை, மாட்டி விட்டவனைப் பாத்துச் சிரிக்கணும். அவன் மேடைக்கு வர்றதே இல்லை, காசு எண்ணிட்டு இருப்பான்.

ஒருவேளை எனக்கு இப்ப முட்டி தேய்ஞ்சு போனதால இப்படித் தோணுதோ என்னமோ. வரப்புல நான் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறதைப் பாத்து வீட்டுக்காரி நேத்து, "நீங்களும் அந்த எட்டடி ஆள் மாதிரியே நடக்கறீங்க, உசரம்தான் பாதி"ன்னா. அதுக்குச் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கலாம், ராத்திரி தைலம் தேய்ச்சு விடறவளும் அவதான்.

தூறல் நின்னுடுச்சு. மஞ்சக்காட்டுல தண்ணி தேங்கி நிக்குது, வடிகால் வெட்டி விடணும், இல்லேன்னா கிழங்கு அழுகிடும். வர்றேனுங்க.