மலைத்தோட்ட ஜீப்புக்கு மறுபதிவு கிடைக்குமா?

கேள்வி: "காபித் தோட்டத்துக்குப் பழைய ஜீப் வைத்திருக்கிறேன். பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி, கூரையில் நான்கு விளக்குகள் பொருத்தியிருக்கிறேன். 15 ஆண்டுப் பதிவு முடியப்போகிறது. ஆய்வில் தேறுமா?"
– வாசகர், கொடைக்கானல் கீழ்மலை.

பதில்: இப்படியே கொண்டுபோனால் தேறாது. ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கம்பியையும் கூரை விளக்குகளையும் கழற்றிவிடுங்கள். கம்பெனி சொன்ன அளவு டயரையே மாட்டுங்கள். பிரேக், ஸ்டீயரிங், விளக்குகள், ஹாரன் எல்லாம் சரியாக வேலை செய்ய வேண்டும். சேஸிஸ் எண்மீது படிந்த சேற்றைத் துடைத்து, தெளிவாகப் படிக்கும்படி வையுங்கள். எஞ்சினை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி தேவை.

பதிவு முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பியுங்கள். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்கட்டும். தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

ஆய்வு முடிந்ததும் கழற்றியதை மறுபடி மாட்டிவிடாதீர்கள். பெரிய டயரால் வண்டியின் உயரம் கூடும்; மலை வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். விபத்து நடந்தால், செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். அந்த ஜீப்பில் உங்களை நம்பி ஏறுபவர்களை நினைத்துப் பாருங்கள்.