ஒயில் வாங்கவும் கணக்குப் பார்ப்போம்

யாழ்ப்பாணத்தில் சாமான் எடுத்து, பண்ணைப் பாலம் தாண்டி, குறிகட்டுவான் வரை மோட்டார் சைக்கிளில் ஓடும் சிறு வியாபாரி நான். "சின்தெடிக் ஒயிலா, சாதாரண ஒயிலா நல்லது?" என்று சகோதர வியாபாரிகள் கேட்கிறார்கள்.

சின்தெடிக் ஒயில் கடும் சூட்டிலும் இலகுவில் கெடாது. பாரமேற்றித் தினமும் நெடுந்தூரம் ஓடுபவருக்கு அதன் கூடுதல் விலை நட்டமல்ல. நெடுந்தீவு, நயினாதீவுக்குள் கிட்டிய தூரம் மட்டும் ஓடினால் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலில் சேரும். எந்த ஒயிலானாலும் மாதக் கணக்கில் மாற்றியே ஆகவேண்டும். அவர்களுக்குச் சாதாரண ஒயிலே இலாபம்.

விலையைவிட முக்கியம் போத்தலில் உள்ள தரக்குறி. ஒருமுறை மலிவென்று கார் ஒயில் ஊற்றினேன். பாரத்தோடு கிளச் வழுக்கியது, படகு போய்விட்டது. எங்கள் சைக்கிள்களில் கிளச் தட்டுகள் அதே ஒயிலில்தான் ஊறியிருக்கின்றன. ஆகவே 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா, தடிப்பு கைநூலில் சொன்னதுதானா என்று பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய எஞ்சினைக் காத்தவரே தொழிலையும் காத்தார். லீற்றர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்.