நிறத்தில் அபஸ்வரம் இல்லை

அமெரிக்காவில் 'ஸ்விங் அரசர்' என்று கொண்டாடப்பட்ட பென்னி குட்மன், 1909-ல் சிகாகோ நகரத்து ஏழை யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். கிளாரினெட் வாத்தியத்தில் நிகரற்ற வித்வான். ஆயினும் நாம் அவரை வியப்பது வேறொரு காரியத்துக்காக.

அந்நாளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பது அங்கே வழக்கமில்லை. 1936-லேயே குட்மன், பியானோவுக்கு டெடி வில்ஸனையும் வைப்ரபோனுக்கு லயனல் ஹாம்ப்டனையும் தம்முடன் மேடையேற்றினார். இருவரும் கறுப்பர். 1938 ஜனவரி 16-ந் தேதி, நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நடந்த பிரசித்தி பெற்ற கச்சேரியிலும் அவ்விருவரும் வாசித்தனர். கவுண்ட் பேஸி முதலிய கறுப்பு வித்வான்களும் கலந்துகொண்டனர். மண்டபம் நிரம்பி வழிந்தது.

ஸ்வரத்தில் அபஸ்வரம் உண்டு. நிறத்தில் அபஸ்வரம் இல்லை. இதைக் காதுள்ளவர் அனைவரும் அன்றே கேட்டறிந்திருப்பர் என்பது நமது துணிபு.