மழை விட்டதும் கடலில் இறங்கலாமா? கிருமி கணக்கு வருவதற்குள் குளியல் முடிந்து விடுகிறது!

சென்னை,
மெரினாவுக்கு போய் கால் நனைக்காமல் திரும்புகிறவர் யார்? குளிக்க போலீஸ் தடை உண்டு. அலை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதற்காக போட்ட தடை அது. கண்ணுக்கு தெரியாத இன்னொரு ஆபத்தும் தண்ணீரில் வருகிறது. அதுதான் மலக்கிருமி.

கூவம் வரும் வழி

மெரினாவின் வடக்கு முனையில், நேப்பியர் பாலத்தை தாண்டி கூவம் கடலில் கலக்கிறது. தெற்கே சீனிவாசபுரம் அருகே அடையாறு கலக்கிறது. இரண்டிலும் சாக்கடை ஓடுவது ஊரறிந்த சங்கதி.

முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கொண்டால் தண்ணீர் தேங்கி நாறும். மழை கொட்டினால் மணல் திட்டு உடையும். தேங்கியது அத்தனையும் கடலுக்கு போகும். வடகிழக்கு பருவமழை காலத்தில் நீரோட்டம் வடக்கே இருந்து தெற்கே ஓடும். கூவத்து தண்ணீர் மெரினா பக்கம் வர அது போதாதா?

100-தான் அளவு

குளிக்கிற கடல் நீருக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அளவு வைத்திருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் மலக் கோலிபார்ம் கிருமி 100. ஒரு டீ கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக் கொள்ளலாம்.

இந்த கிருமி எல்லாமே நோய் தராது. ஆனால் இது இருந்தால் சாக்கடை கலந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கடையோடு வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை கிருமிகளும் வரலாம். புகையை பார்த்து நெருப்பை கண்டுபிடிக்கிற மாதிரிதான்.

சிக்கல் எங்கே?

கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர விட்டுத்தான் எண்ண முடியும். சாதாரணமாக ஒரு நாளாவது ஆகும். முறையை பொறுத்து 3, 4 நாள் கூட இழுக்கும். அதற்குள் குழந்தை அலையில் ஆடி, இரண்டு மடக்கு தண்ணீரும் குடித்து வீட்டுக்கு போயாச்சு!

மத்திய அரசின் கடல் நீர் கண்காணிப்பு திட்டம் 1991-ல் தொடங்கியது. கடல் வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று அது சொல்லும். "இன்று சாயந்திரம் இறங்கலாமா?" என்று கேட்பவருக்கு அதில் பதில் இல்லை.

அமெரிக்காவில் போர்டு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1997-ல் இதற்கென்றே சட்டம் வந்தது. கூட்டம் கூடும், வடிகால் கலக்கும் கடற்கரைகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரந்தோறும் சோதனை. அளவு மீறினால் கரையில் எச்சரிக்கை போர்டு. மழை விட்டு 72 மணி நேரம் இறங்க வேண்டாம் என்று அங்கே சொல்கிறார்கள். அதற்கு எந்த முடிவுக்கும் காத்திருப்பதில்லை.

இங்கேயும் அது முடியும். மழைக்கு பிறகு 3 நாள் முகத்துவாரம் பக்கம் ஒரு போர்டு வைக்க பெரிய செலவா ஆகும்? அதுவரை ஜனங்களே உஷாராக இருக்க வேண்டியதுதான். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். சுண்டலில் கை வைக்கும் முன் சோப்பு போட்டு கழுவுங்கள்.

போர்டை பார்த்து பொழுது போக்க வந்தவர் திரும்பி விடுவார். நொச்சிக்குப்பத்து மீனவர் திரும்ப முடியுமா? அவருக்கு கடல்தான் ஆபீஸ். சாக்கடையை ஆற்றில் விடுவதை நிறுத்தினால்தான் அவருக்கு விடிவு.