வழி சொல்லாத பயண நூல் எதற்கு?

உப்புவெளிக் கடற்கரையிலே சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில் வெளிநாட்டு இளைஞர் பலரைக் காணலாம். இருவராகவும் மூவராகவும், முதுகிலே பை சுமந்து வருவர். சில நாள் தங்குவர். கண்டதை எழுதிக்கொண்டு போவர். அவர்களைக் கண்டு பழகிய நம் இளைஞரும் இப்பொழுது நண்பரோடு கூடி அயல்நாடு செல்லத் தலைப்பட்டுவிட்டனர். சென்று வந்தோர் எழுதவும் முற்படுகின்றனர். தமிழுக்கு இது நல்ல காலம். ஆயினும், அவர்கள் எழுதும் முறைபற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

என் மாணாக்கர் மூவர் அண்மையில் தாய்லாந்து சென்று வந்து, எழுதிய கட்டுரையை என்னிடம் காட்டினர். நடை பிழையற்றது. ஆனால் அக்கட்டுரையில் மூவர் முகமும் தெரிந்தனவேயன்றித் தாய்லாந்தின் முகம் தெரியவில்லை. கடல் அழகாயிருந்தது; உணவு உறைத்தது; மனம் நிறைந்தது. அந்த உணவைச் சமைத்தவள் யார்? அங்குள்ள மீனவன் எவ்வகை வலை வீசுகிறான்? அவ்வலைக்கும் நம் கரைவலைக்கும் என்ன வேற்றுமை? இவற்றுக்கு அங்கே விடையில்லை. மற்றொருவன் அதே வழியிற் செல்லவேண்டுமானால் அவனுக்கு அக்கட்டுரையால் ஆவது யாது?

நம் முன்னோர் பயண இலக்கியத்துக்கு இட்ட பெயரே இக்கேள்விக்கு விடை தருகிறது. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. சென்று பெற்றவன், இனிச் செல்பவனுக்குச் சொல்வது. தொல்காப்பியர் வகுத்த இலக்கணம் இது. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் 583 அடி கொண்ட மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்கள். கூத்தர் தலைவனொருவன் தன் சுற்றத்தோடு மலைவழி போகவேண்டும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனங் காப்போரின் கவண்கல் எப்பக்கம் வரும், எவ்வூரார் என்ன உணவு தந்து உபசரிப்பர் என்றெல்லாம் புலவர் விரித்துச் சொல்கிறார். சொல்பவன் தன்னை மறந்து கேட்பவனை நினைக்கிறான். பயண எழுத்தின் அறம் இதுவே.

இவ்வறத்துக்குச் சான்று தேடி நாம் தொலைவு போகவேண்டியதில்லை. நம் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலே மூதூர் இருக்கிறது. 1660ஆம் ஆண்டிலே, புயலால் பழுதுற்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக்குடாவில் இறங்கியிருந்தவர்களை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவன் றொபேட் நொக்ஸ், வயது 19. கண்டி நாட்டிலே ஏறத்தாழ மேலும் 19 ஆண்டுகள் காவலில் இருந்தான். தொப்பி பின்னி விற்றான். ஊரார் மொழியைக் கற்றான். 1679இல் தோழன் ஸ்டீபன் றட்லண்டோடு சிறுவணிகன்போல வடக்கு நோக்கி நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினான். அவன் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. ஏழு மாதத்தில் விளையும் நெல் முதல் மூன்று மாதத்தில் விளையும் நெல் வரையில் வகைப்படுத்தி அவன் எழுதியிருக்கிறான். அவன் சொன்னவை யாவும் சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்திறந்து பார்த்தவன் என்பதை யாரும் மறுக்கமாட்டார்.

இங்கே ஒரு குறையையும் கருதவேண்டும். தப்பியவர் இருவர், நூல் செய்தவன் ஒருவன். றட்லண்ட் கண்ட இலங்கையைக் கூறும் நூல் நமக்கு இல்லை. நண்பர் இருவர் சேர்ந்து செல்வதன் பயன், ஒருவர் காணாததை மற்றவர் காண்பதும், ஒருவர் மிகைப்படுத்தினால் மற்றவர் மறுப்பதுமே. தமிழிலே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரிக் கரையைச் சேர்ந்து பார்த்து, சேர்ந்தே எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வெளிவந்தது. இருவர் எழுதினால் தனிக்குரல் கெடும் என்று அஞ்சுவோர் அந்நூலைப் படிப்பாராக.

“நொக்ஸ் சிறைப்பட்டவன், உல்லாசப் பயணியோடு அவனை ஒப்பிடலாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். நான் சொல்ல வந்ததே அதுதான். உல்லாசமாகப் போனவன் எழுதுவது மட்டுமே பயண இலக்கியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1983க்குப் பின் இம்மாவட்டத்திலிருந்து எத்தனை இளைஞர் நண்பரோடு கூடிக் கடல் கடந்தனர்! அவர் முதுகிலும் ஒரு பை இருந்தது. திரும்பிவரச் சீட்டு மட்டும் இல்லை. அவர் கடந்த எல்லைகளையும், படுத்த அறைகளையும், கற்ற மொழிகளையும் கதையாகவும் கவிதையாகவும் சிலர் எழுதினர். கண்டது கண்டவாறு உரைநடையில் எழுதியோர் மிகச் சிலர். அன்று இருபது வயதினராய்ச் சென்றவர் இன்று அறுபதை அணுகிவிட்டனர். உடன் சென்ற தோழர் ஒருவர் பின் ஒருவராய் மறைகின்றனர். இன்னும் சில ஆண்டு கழிந்தால், அவ்வழியைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

ஆதலால் ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவேன். பயணக் கட்டுரை எழுதென்று மாணாக்கனைப் பணிக்கும்போது, போகாத ஊரைக் கற்பனை செய்யச் சொல்லாதீர்கள். அவன் வீட்டிலோ அயலிலோ கடல் கடந்து மீண்டவர் ஒருவர் இருப்பார். நண்பன் ஒருவனோடு சென்று அவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கேட்டவர் இருவரும் ஒப்புநோக்கித் திருத்தட்டும். அவ்வாறு பழகியவன் நாளை தானே பை சுமந்து அயல்நாடு போகும்போது, தன் முகத்தை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பமாட்டான்; பின்னே வருபவனுக்கு ஒரு வழியும் கொண்டுவருவான்.