இருபத்து நான்கு நாள் நோட்டீஸ்

நான் ஓய்வுபெற வேண்டிய நாள் 2020 மே 31. பெற்றது 2022 மே 31. நடுவில் தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை இரண்டு முறை கூட்டியது: 2020 மே 7-இல் 58 என்பது 59 ஆனது, 2021 பிப்ரவரி 25-இல் அதுவே 60 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இரண்டு வருடச் சம்பளம் கூடுதலாக வாங்கியவள் குறை சொல்லலாமா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஆபீஸ் சூப்பரண்டு அண்ணாச்சி 2020 ஏப்ரல் 30-இல் ஓய்வுபெற்றார். ஊரடங்கு நேரம். பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன சங்கரன்கோவிலில் ஒரு மாலை கட்டித்தர ஆளில்லை. சார்ஜ் லிஸ்டில் கையெழுத்துப் போட்டார், பீரோ சாவியை என் மேசையில் வைத்தார், மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு பைக்கை எடுத்தார். ஏழாம் நாள் ஜி.ஓ. வந்தது. மே 31 முதல் ஓய்வுபெற இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். போன் பண்ணினேன். "ஒண்ணாப்புல சேத்த வாத்தியாரு பொறந்த தேதிய ஒரு மாசம் தள்ளி எழுதியிருக்கலாம்லா தாயி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கணக்கு வேறு. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், ஜி.பி.எஃப். மூன்றையும் சேர்த்து மாடி போட்டு வாடகைக்கு விடுவதாகக் கொத்தனாரிடம் பேசி முடித்திருந்தோம். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவின் பன்னிரண்டு நாளும் பெர்மிஷன் கேட்காமல் கோயிலே கதியென்று கிடக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆடியில் கோயிலுக்குள் பக்தர்களை விடவில்லை. நான் ஆபீஸில் ஃபைல் தைத்துக்கொண்டிருந்தேன். கம்பியும் சிமென்டும் இரண்டு வருடத்தில் விற்ற விலை வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

அரசின் நெருக்கடி புரியாமல் இல்லை. அந்த ஏப்ரலிலேயே அகவிலைப்படி உயர்வையும் ஈட்டிய விடுப்பு சரண்டரையும் நிறுத்தியிருந்தார்கள். ஓய்வுபெறுவோருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிவைத்தால் கஜானா மூச்சுவிடும். ஆனால் தள்ளிப்போனது பணம் மட்டுமா? எங்கள் செக்‌ஷனில் இரண்டு வருடம் யாரும் வயதாகி வெளியே போகவில்லை. எனக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு நின்றது. எதிர்வீட்டுப் பையன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருந்தான். ஏப்ரல் 5-இல் நடக்க வேண்டிய குரூப் 1 தேர்வு மறு வருடம் ஜனவரி 3-க்குப் போனது. அவன் அம்மா என்னைப் பார்த்தால், "என்னக்கா, இன்னும் போகலியா?" என்பாள். சாதாரண விசாரிப்புதான். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

வயதை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. 1983 பிப்ரவரியில் ஆந்திராவில் 58-ஐ 55 ஆகக் குறைத்து, அந்த மாதக் கடைசியிலேயே ஊழியர்களை அனுப்பினார்கள். அதுவும் செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் பேசுவது அதிகாரத்தைப் பற்றியல்ல, அவகாசத்தைப் பற்றி. வயதைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு வருடம் முன்பே சொல்லுங்கள். பழைய தேதியிலேயே போக விரும்புகிறவரை முழுப் பலன்களோடு அனுப்புங்கள். விருப்ப ஓய்வு இருக்கிறதே என்பார்கள். அதற்கு ஊழியர் மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அரசு எனக்குத் தந்தது இருபத்து நான்கு நாள்.